குணகடலும் தாம்பரத்து மழையும்



2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் நாள் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை எட்டரை மணிக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. ஆகும். அதே இருபத்துநான்கு மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.யும், மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 35 செ.மீ.யும், நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.யும் பதிவாயின. மறுநாட் காலையில் இவ்வெண்களைப் படித்தறியவும் பலர்க்கு வாய்ப்பில்லை. 1878-இல் தொடங்கப்பெற்ற 'இந்து' ஆங்கில நாளிதழ் அன்று சென்னையில் வெளிவரவில்லை. அதன் அச்சகம் இருந்த மறைமலைநகர்க்குப் பணியாளர் சென்று சேர இயலவில்லை. தனித்தமிழ்த் தந்தையாம் மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய ஊர் அது. அடிகளார் வாழ்ந்த பல்லவபுரமோ, அதற்கு வடக்கே, அதே தொடர்வண்டித் தடத்தில், அதே மழையில் நனைந்து கொண்டிருந்தது.

49 செ.மீ. என்னும் எண்ணுக்குப் பொருள் என்ன? வானிலைத் துறையின் வரையறைப்படி ஒரு நாளில் 20 செ.மீ.-க்கு மேற்பட்டாலே அஃது உச்சநிலை மழை. அதற்கு மேல் வேறு பெயர் இல்லை. 21 செ.மீ.-க்கும் அதே பெயர்; 49 செ.மீ.-க்கும் அதே பெயர். எனவே எண்ணைத்தான் விரித்துப் பார்த்தல் வேண்டும். ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் 49 செ.மீ. மழை பெய்தால், அங்கு வந்து விழுந்த நீர் 49 கோடி இலிட்டர். 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 88 சதுரக் கிலோமீட்டர். அப்பரப்பு முழுவதிலும் அன்று அதே அளவு பெய்ததாகக் கொண்டால், விழுந்த நீர் ஒன்றரை ஆயிரம் மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும்போது கொள்ளும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அது. ஓர் ஏரியில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரே நாளில் தெருக்களின்மேல் கவிழ்த்தாற் போன்றது என்க.

அன்று வந்தது என்ன புயல் என்று இன்றும் கேட்பாருளர். அன்று புயலே வரவில்லை. அதற்குப் பெயருமில்லை. ஈழத்தை அடுத்துத் தென்மேற்குக் குணகடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது. அதனை நோக்கிக் கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று கரையில் வந்து தடைப்பட்டுக் குவிந்து மேலெழுந்தது. எழுந்த முகில் பொழிந்து முடியுமுன் அதன் பின்னே அடுத்த முகில் அதே இடத்திற்கு வந்து நின்றது. ஒன்றன்பின் ஒன்றாய்ப் பெட்டிகள் கோத்த தொடர்வண்டி ஒரே நிலையத்தில் வந்து வந்து சரக்கிறக்குவது போல அம்முகில்கள் தாம்பரத்திற்கும் செம்பரம்பாக்கத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில் தம் சுமையை இறக்கின. சூறைக்காற்று இல்லாமையால் வானத்தைப் பார்த்து அஞ்சியவர் சிலரே. காற்றுக்கு அஞ்சப் பழகிய மக்கள் ஓசையின்றி வந்த நீருக்கு அஞ்சவில்லை.

இந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறியக் கடலைப் பார்த்தல் வேண்டும். ஐரோப்பியர் வங்க நாட்டின் பெயரால் குறித்த அக்கடலைச் சங்கச் சான்றோர் குணகடல் என்றே கூறினர். குணக்கு என்பது கிழக்கு. ஏறத்தாழ 22 இலக்கம் சதுரக் கிலோமீட்டர் பரந்த அக்கடல், மேற்கும் வடக்கும் கிழக்கும் நிலத்தால் சூழப்பட்டுத் தெற்கே மட்டும் திறந்திருப்பது. உலகின் பெருங்கடல்களோடு ஒப்பிட இது சிறிய கடலே. ஆயினும், புயலால் மாந்தர் மாண்ட கணக்கில் இதற்கு இணையான கடல் வேறில்லை. 1970 நவம்பரில் இதன் வடகோடியில் கரையேறிய ஒரே புயலில், இன்றைய வங்கதேசத்தில் மூன்று இலக்கத்திற்குக் குறையாத மக்கள் மாண்டனர். 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுக்கோடியை விழுங்கியதும் இக்கடலின் புயலே.

புயல் பிறக்கச் சில கட்டுப்பாடுகள் உள. கடல்நீர் ஏறத்தாழ 26, 27 செல்சியசு பாகைக்கு மேல் வெப்பமுற்றிருத்தல் வேண்டும். அவ்வெப்பம் மேற்பரப்பில் மட்டும் நில்லாது பல மீட்டர் ஆழம் இறங்கியிருத்தலும் வேண்டும். பிறக்கும் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகையேனும் விலகியிருத்தல் வேண்டும்; ஞாலத்தின் சுழற்சியே காற்றைத் திருப்பி வளைக்கின்றது, நடுக்கோட்டில் அத்திருப்பம் இல்லை. மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் தம்முள் பெரிதும் முரணாதிருத்தல் வேண்டும். முரணினால் எழும் முகிற்கோபுரம் இடையில் வெட்டுண்டு சாயும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் திங்கள்களில் இம்முரண் மிகுதி. எனவேதான், கடல் வெப்பமாக இருந்தும் அப்போது பெரும்புயல்கள் அரியன. சித்திரை, வைகாசியில் ஒரு பருவமும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மற்றொரு பருவமுமாக இருமுறை இக்கடல் புயலீனும். தமிழ்நாட்டிற்கு இரண்டாவதே பெரிதும் உரியது.

இக்கடலுக்கே உரிய தனித்தன்மை ஒன்றுண்டு. கங்கையும் பிரமபுத்திரையும் ஐராவதியும் கோதாவரியும் இதில் கொட்டும் நன்னீர் அளவிறந்தது. நன்னீர் உப்புநீரினும் எடை குறைந்தது; ஆகலின் அது கடலின்மேல் ஒரு மூடியைப் போல் படர்ந்து நிற்கும். பிற கடல்களில் புயல் எழுந்து நீரைக் கலக்கும்போது, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்து புயலின் அடுப்பை அணைக்கும். குணகடலின் வடபகுதியில் அந்த மூடி கலக்கத்தைத் தடுக்கும். அடுப்பு எளிதில் அணையாது. ஆறுகள் கொண்டுவந்த இந்நன்னீரை ஐப்பசிக்குப் பின் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் தமிழ்நாட்டுக் கரைவழியே இழுத்து வரும். மாசித் திங்களுக்குப் பின் அவ்வோட்டமே திசை மாறித் தெற்கிலிருந்து வடக்கே போகும். ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இவ்வோட்டத்தை அறிவியலார் அளந்து எழுதுமுன்னரே, அடையாற்று முகத்தில் வாழும் ஊரூர்க் குப்பத்து மீனவர்க்கு அதற்குப் பெயரிருந்தது. தெற்கிலிருந்து வருவது தெண்டி. வடக்கிலிருந்து வருவது வன்னி. வலையின் இழுவையைக் கையால் உணர்ந்தே அவர்கள் இதனைச் சொல்வர்.

பெயர் என்ற அளவில் தமிழன் காற்றுக்குக் குறை வைத்தவன் அல்லன். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நீரைக் கொண்டு வருதலின் கொண்டல் எனப்பட்டது. முகிலுக்கும் அதுவே பெயர். 2015-இல் தாம்பரத்தில் பெய்தது கொண்டல் கொணர்ந்த கொண்டலே! புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோர் காற்றைத் தம் ஏவலில் வைத்துக் கலம் செலுத்தியவர் என்று கூறுவதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'சைக்ளோன்' என்னும் சொல்லோ, 1840-களில் கல்கத்தாவில் இருந்த என்றி பிடிங்டன் என்பார் இக்கடலின் புயல்களை ஆராய்ந்து, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கியது. சுழன்று வாரிக்கொண்டு போகும் காற்றுக்குச் சூறாவளி என்று பெயரிட்ட மொழிக்கு அது தேவைப்படவில்லை.

இன்று புயல்களுக்குத் தனிப்பெயர் இடும் வழக்கம் வந்துள்ளது. இவ்வட்டாரத்தில் 2004 முதல் அது நடைமுறையில் உள்ளது. 2020-இல் பதின்மூன்று நாடுகள் ஒவ்வொன்றும் பதின்மூன்று பெயர்கள் தந்து 169 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டன. இந்தியா தந்தவற்றுள் 'முரசு', 'நீர்' என்னும் இரண்டு தமிழ்ச்சொற்கள் உள. நீர் வடசொல் என்பார் உளரேல், அது திரவிட மொழிகளிலிருந்து வடமொழி கொண்ட சொல் என்பதை மேலை மொழிநூலாரே எழுதியுள்ளனர் என்று கூறி மேற்செல்லலாம். அழிவு செய்யும் புயலுக்கு நல்ல தமிழ்ப்பெயர் வாய்ப்பது மகிழ்தற்குரியதா, வருந்துதற்குரியதா என்பது வேறு சிக்கல்!

பெயர் பெற்ற புயல்களும் இப்பகுதிக்கு வந்துள்ளன. 2016 திசம்பர் 12-ஆம் நாள் பாகித்தான் சூட்டிய பெயருடைய வர்தாப் புயல் சென்னையை ஒட்டியே கரையேறியது. அன்று அழித்தது காற்று. கிண்டியிலும் வண்டலூர் உயிரியற் பூங்காவிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எனினும் அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை, இயல்பில் பாதியும் தேறாமற் பொய்த்தது. 2019 சூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது; நான்காண்டுக்கு முன் கழுத்தளவு நீரில் நின்ற தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. 2023 திசம்பரில் வந்த மிக்சாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. 4-ஆம் நாள் கரைக்கு அப்பால் மெல்ல ஊர்ந்து, மறுநாள் ஆந்திரத்துப் பாபட்லாவின் அருகே நிலம் ஏறியது. அது மெல்ல ஊர்ந்தமையே கேடாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் நின்றன. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலும் நகராமல் நின்று மயிலத்தில் அரை மீட்டர் அளவு மழையைக் கொட்டியது. ஆகவே புயலின் வலிமையைக் காற்றின் விரைவால் மட்டும் மதிப்பிடுதல் பிழை. விரைந்து வந்தது மரத்தைச் சாய்த்தது. நின்று பெய்தது வீட்டை முழுக்கியது.

இனி நிலத்தைப் பார்ப்போம். 2015 வெள்ளத்தைப் பற்றி எங்குப் பேசினும் செம்பரம்பாக்கம் என்ற ஒரு சொல்லே முன்வந்து நிற்கின்றது. அன்று அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அதனைக் குறைகூறிய தணிக்கைத் துறையின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்திற்கும் அக்குற்றச்சாட்டு பொருந்தும். ஆனால் முடிச்சூருக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் வந்து சேருமிடம் திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பகுதியில் உள்ளவை. அவ்வூர்களை முழுக்கிய நீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். பெருங்களத்தூர்ப் பக்கமிருந்து இறங்கிய நீர். அந்த நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.-க்கு மேல் மழை பெய்திருந்தது. ஏரிகளில் இடமில்லை. மண்ணிலும் இடமில்லை. திசம்பர் முதல் நாள் விழுந்த துளி ஒவ்வொன்றும் ஓடியே தீரவேண்டிய துளி. செம்பரம்பாக்கத்தின் மதகை எவரும் தொடாதிருந்தாலும் முடிச்சூர் அன்று முழுகியே இருக்கும். இவ்வுண்மை வெளியில் வராமையின் கேடு யாதெனில், மக்களின் சினம் முழுதும் ஒரு மதகின்மேல் சென்று நின்றது. ஆதனூர் தொடங்கித் திருநீர்மலை வரை ஆற்றின் அகலம் என்ன ஆயிற்று என்று கேட்பார் குறைந்தனர்.

தொடர்வண்டித் தடத்திற்குக் கிழக்கே நீரின் வழி வேறு. சிட்லபாக்கம், சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைக்கு இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, மடுவிலிருந்து பக்கிங்காம் கால்வாய், கால்வாயிலிருந்து கோவளத்துக் கழிமுகம், அதன்பின் கடல். ஒன்றன் கலங்கல் வழிந்தால் அடுத்ததன் உள்வாய் நிறையும். இச்சங்கிலியை அமைத்தவர்கள் அளவியல் கருவி இல்லாதவர்கள். கலங்கல் எது, மதகு எது, வரத்துக்கால் எது, போக்குக்கால் எது என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டு, எப்போது எதைத் திறப்பதென அறிந்த நீர்க்கட்டி என்பவனை ஊர்தோறும் வைத்திருந்தனர். இன்று அவ்வேரிகள் பலவற்றில் கலங்கல் இருக்கும், போக்குக்கால் இராது. போக்குக்கால் இருந்த இடத்தில் மனைப்பிரிவு இருக்கும்.

அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி பள்ளிக்கரணை. ஊரார் அதனைக் கழுவேலி என்றனர். அதில் குப்பை கொட்டினர், சாலை இட்டனர், அலுவலகம் எழுப்பினர். எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 எக்டேர் 2022-இல் இராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. இதிலே வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. குணகடலின் நடுவே மிதவைகளை நிறுத்தி, அலையின் உயரத்தையும், காற்றையும், ஐந்நூறு மீட்டர் ஆழம்வரை நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோள் வழியே பெறுகின்ற நடுவணரசின் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993-இல் தோற்றுவிக்கப்பட்டது. அது அமைந்திருப்பது இதே பள்ளிக்கரணையில்! நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவில் கடலின் ஆழத்தில் அரைப்பாகை வெப்பம் ஏறினால் அங்கே தெரியும். அதன் மதிலுக்கு வெளியே அடுத்த மழையில் எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்பது அத்தெருவில் குடியிருப்போர்க்குத் தெரியாது.

கடலும் இதில் கைகொடுப்பதில்லை. தாழ்வழுத்தம் கரையருகே நிற்கும்போது கடல்மட்டம் உயர்கின்றது. கரை நோக்கி வீசும் காற்று நீரை முகத்துவாரத்தில் தள்ளுகின்றது. அடையாற்று வாயிலில் மணல்திட்டு வேறு. ஆறு கொண்டுவரும் நீரைக் கடல் வாங்க மறுக்கின்ற அந்நேரத்தில்தான் மழையும் உச்சத்தில் இருக்கின்றது. கரையிலிருந்து தொலைவிலுள்ள முடிச்சூர் தலைப்பகுதி வெள்ளத்தால் முழுகும். வேளச்சேரியோ வடிய வழியின்றி முழுகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று.

ஆயினும் எச்சரிக்கை ஒன்றாகவே வருகின்றது. மாவட்டம் முழுமைக்கும் ஒரு வண்ணம். 2019-இல் பிரிந்தமைந்த செங்கற்பட்டு மாவட்டத்திற்குச் சிவப்பு என்றால், தாம்பரத்து மேட்டுக்கும் அதுவே, முடிச்சூர்ப் பள்ளத்துக்கும் அதுவே, செய்யூர் உப்பளத்துக்கும் அதுவே. அதனோடு வருகின்ற சொற்களும் மழையின் அளவை மூன்று அடைமொழிகளில் அடக்கி நிற்கின்றன. மூன்றும் கேட்பவர் காதில் ஒன்றே. உழவர் மழையை ஓருழவு மழை, ஈருழவு மழை என்றனர். வானத்தில் என்ன நடந்தது என்பதை அவ்வளவை சொல்வதில்லை. மண்ணில் என்ன ஆயிற்று, நாளை ஏர் பூட்டலாமா என்பதைச் சொல்லும். கேட்டவன் உடனே செயற்படுவான். அத்தகைய அளவை புறநகர்க்கு இன்னும் ஆக்கப்படவில்லை. ஏரி எவ்வளவு நிறைந்துள்ளது, இன்னும் எத்தனை செ.மீ. பெய்தால் கலங்கல் வழியும், வழிந்தால் எத்தெருவில் முழங்கால், எத்தெருவில் இடுப்பு என்று சொல்லத்தக்க கணக்கு அரிதன்று. நில மட்டமும் ஏரிக் கொள்ளளவும் அரசு ஏடுகளில் உள. அவற்றைத் தமிழில், தெருப்பெயருடன், நவம்பருக்கு முன் எழுதி வைக்கும் வேலைதான் எஞ்சியுள்ளது.

உரிய சொல் உரிய நேரத்தில் சென்று சேராமையின் விலையைக் குமரிக் கடல் அறியும். 2017 நவம்பர் 29-இல் காற்றழுத்தத் தாழ்வாக இருந்தது, மறுநாளே ஒக்கிப் புயலாயிற்று. குமரி மாவட்ட மீனவர் பலர் அதற்குப் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் படிக்கப்பட்ட எச்சரிக்கை அவர்கள் செவிக்கு எட்டாத தொலைவு அது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

நெடுநல்வாடையின் தொடக்கத்தில், கூதிர்காலப் பெருமழையில் பள்ளநிலம் வெள்ளக்காடாக, ஆயர் தம் ஆனிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்வதை நக்கீரர் காட்டுகின்றார். 2024 அத்தோபரில் பெருமழை வருமென்ற செய்தி பரவியவுடன், வேளச்சேரி மக்கள் தம் மகிழுந்துகளை ஓட்டிச் சென்று மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினர். பாலத்தின் ஒரு பக்கம் முழுதும் வண்டிகள். போக்குவரத்துக்கு இடையூறு என்று கூறியும் அவர்கள் எடுக்கவில்லை. எந்த இடத்தில் நீர் ஏறாது என்பதை அவர்களுக்கு எந்த அலுவலகமும் எழுதித் தரவில்லை. 2015-இலும் 2023-இலும் அவர்களே அளந்து வைத்திருந்தனர். மகிழுந்து இல்லாதவர் தத்தம் வீட்டில் அரிசியையும் குழந்தைகளின் பள்ளிச் சான்றுகளையும் பரண்மேல் ஏற்றிவிட்டு, வாயிற்படியில் நின்று தெருமுனையைப் பார்த்துக் கொண்டிருந்தனர்.